கத்துகிற பார்ட்டி நல்ல பார்ட்டி

கத்துகிற பார்ட்டியைக் கண்டு பயப்படாதே, தம்பி. மேஜையைத் தட்டி, "உங்களை நம்பித்தானே பணம் கட்டினோம், என்னாச்சு?" என்று கேட்கிறவருக்கு ஃபைலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். உன்னிடம் பதில் இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த விசா தொழிலில் எனக்குக் கஷ்டமான ஆள் வேறு. மெதுவாக வந்து உட்கார்ந்து, ஒரிஜினல் சர்டிஃபிகேட் கவரை அப்படியே என் பக்கம் தள்ளி, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்பவர். அவருடைய ஃபைலில் நான் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை. என் யோக்கியதை என்னவென்று அங்கேதான் தெரியும்.

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை இது. மாஸ்டரிடம் இன்னும் இரண்டு சொல்லிவிடு. எனக்குச் சர்க்கரை கம்மி.

நீ குமணன்சாவடியில் மாடி ரூம் பிடித்து போர்டு எழுதக் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். '100 சதவீதம் விசா கேரண்டி' என்று ஒரு வரி அதில் இருந்தால் முதல் வேலையாக அழித்துவிடு. விசா கொடுப்பது தூதரகத்து அதிகாரி. நீ கொடுப்பதில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு மாடியேறி வருகிற ஒவ்வொருவரும், நீ கொடுக்க முடியாத ஒன்றை உன்னிடம் வாங்க வருகிறவர். நாளைக்கு அவர் சண்டை போட்டால், அந்தச் சண்டையை போர்டில் எழுதி வைத்தது நீதான்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரென்று உனக்குத் தெரியும். திருமழிசை சிட்கோவில் ஃபிட்டர், அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி ஓட்டுகிற பையன், வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரியில் நர்சிங் முடித்த பெண், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன அப்பா. எல்லோரும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுக்கிற முடிவோடு வருகிறார்கள். பதற்றம் இருக்கத்தான் செய்யும். பதற்றத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாயானால் தொழில் அன்றைக்கே கெட்டது.

முதல் சந்திப்பில்தான் முக்கால்வாசி இருக்கிறது. பணம் கைமாறுவதற்கு முன்னால் என்னென்ன பேசினாய் என்பதுதான் பிறகு வருகிற சண்டையின் அளவைத் தீர்மானிக்கிறது. நான் செய்வது இது. தமிழில் ஒரு பக்கத் தாள். என் ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, தூதரகக் கட்டணம் எவ்வளவு, அதை அவர்கள் தங்கள் கார்டிலேயே நேரடியாகக் கட்டுவார்கள், விசா மறுக்கப்பட்டால் எது திரும்ப வரும், எது வராது. கடைசியில், 'விசா கிடைக்கும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை' என்ற வரி. அதை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அந்த வரியில் சிலர் நிறுத்திவிடுவார்கள். "அப்போ எதுக்கு சார் உங்ககிட்ட வரணும்?" நல்ல கேள்வி. "உங்க கேஸ்ல உண்மையா என்ன இருக்கோ, அதை ஆஃபீசருக்குப் புரியற மாதிரி வைக்கறதுக்கு" என்பேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அவர்கள் உன் பார்ட்டி இல்லை.

சிலர் சாமர்த்தியமாக, "விசா வந்தப்புறம் மொத்தமா வாங்கிக்கோங்க, இப்போ வேணாம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஊரில் பாதிக் கடைகள் இப்படித்தான் பிடிக்கின்றன. ஒத்துக்கொண்ட நிமிஷத்திலிருந்து உன் வீட்டு வாடகை அந்த விசாவில் தொங்குகிறது என்பதை மறக்காதே. பேங்க் பேலன்ஸ் கொஞ்சம் குறைகிறது என்று தெரிந்தால், நேர்மையான ஆள் என்ன சொல்வான்? "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த இன்டேக் பார்க்கலாம்." உன் வாயிலிருந்து அது வராது. செய்த வேலைக்குக் கூலி வாங்கு. முடிவுக்குக் கூலி வாங்காதே.

இன்னொரு வகை, "பக்கத்துல ஃப்ரீயா பண்றாங்களே." பண்ணுவார்கள். ஃப்ரீ என்று போர்டு போட்ட கடைக்குப் படியளப்பது கல்லூரி. ஒரு மாணவன் சேர்ந்தால் முதல் வருஷ ஃபீஸில் ஒரு பங்கு ஏஜென்ட்டுக்குப் போகும். அதில் தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. எனக்கும் சில கல்லூரிகளிலிருந்து கமிஷன் வருகிறது. எந்தெந்தக் கல்லூரி என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, "அப்போ கமிஷன் வராத காலேஜும் ரெண்டு சொல்லுங்க" என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. அப்படிக் கேட்கிறவரை வணங்க வேண்டும்.

சரி, இப்போது நிஜமான தலைவலிக்கு வருவோம். பேலன்ஸ்.

ஒருவர் பாஸ்புக்கை நீட்டுவார். ஆறு மாதமாக மூவாயிரம், ஐயாயிரம் என்று ஊர்ந்துகொண்டிருந்த கணக்கில், கடைசி வரியில் திடீரென்று இருபத்திரண்டு லட்சம். "மச்சான் போட்டது சார், விசா வந்ததும் திருப்பிக் குடுத்துடுவோம்." இல்லையென்றால் வட்டிக்குப் பணம் போட்டு 'ஃபண்ட் காட்டுகிற' ஆளின் நம்பரை உன்னிடமே கேட்பார்கள். இங்கே கோபப்படாதே, நீதிபோதனையும் செய்யாதே. "இந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேள். மூன்றில் ஒருவர் பதிலில் நேர்மையான வழி ஒன்று ஒளிந்திருக்கும். மாமனார் நேமம் பக்கம் நிலம் விற்றிருப்பார், அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிரயப் பத்திர நகல், வங்கிக்கு வந்த தேதி, அவர் ஏன் கொடுத்தார் என்று ஒரு கடிதம். பெரிய தொகை திடீரென்று வந்ததற்கு விளக்கம் இருந்தால் அது குற்றமே இல்லை. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும். அப்பா அம்மா கணக்கில் இருந்தாலும் செல்லும், பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வைத்தால் போதும். இதெல்லாம் தெரியாமல்தான் பாதிப் பேர் வட்டிக்காரனைத் தேடுகிறார்கள்.

மீதிப் பேருக்குப் பணமே இல்லை. அவர்களிடம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வட்டிப் பணத்தைக் காட்டி விசா வாங்கிப் போன பையன் முதல் செமஸ்டரிலேயே வேலை நேர வரம்பை மீறிப் பெட்ரோல் பங்கில் நிற்பான். மாட்டிக்கொள்வது அவன், நீ இல்லை.

இதே எச்சரிக்கை அடுத்த விஷயத்துக்கும் வேண்டும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். அம்பத்தூர் பையன் வருவான். நான்கு வருஷம் ஆபரேட்டர். "சூப்பர்வைசர்னு ஒரு லெட்டர் ரெடி பண்ணிக்கலாமா அண்ணா? ஓனர் ஒத்துக்குவாரு." அவனிடம் தர்மம் பேசினால் ஏறாது. அவன் வயதைக் கேள். இருபத்தாறு. பேப்பரில் எழுதிக் காட்டு. கனடாவில் பொய்த் தகவல் கொடுத்தது நிரூபணமானால் ஐந்து வருஷம் உள்ளே வர முடியாது. 2014 வரை இரண்டு வருஷமாக இருந்ததை ஏற்றிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு மூன்று வருஷம், ஆள் அடையாளத்திலேயே பொய் என்றால் பத்து. பிரிட்டனில் பத்து வருஷம் வரை. அமெரிக்காவில் காலக்கெடுவே கிடையாது, தனியாக விலக்கு வாங்கினால்தான் உண்டு. இருபத்தாறோடு ஐந்தைக் கூட்டு, பத்தைக் கூட்டு. கல்யாணம், குழந்தை, தங்கை படிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் எங்கே விழுகிறது என்று அவனே பார்த்துக்கொள்வான். பிறகு பி.எஃப். பாஸ்புக்கை எடுக்கச் சொல். யூஏஎன் நம்பர் போட்டால் மாதாமாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்று வந்துவிடும். ஓனர் ஒத்துக்கொண்டாலும் பி.எஃப். ஒத்துக்கொள்ளாது.

இதிலேயே நியாயமான ஒரு சிக்கல் உண்டு. எஸ்டேட்டில் சின்னப் பட்டறைகள் கையில் கூலி கொடுப்பவை. உண்மையாகவே ஆறு வருஷம் லேத்தில் நின்றவனுக்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது. பக்கத்தில், ஒரு நாளும் லேத்தைத் தொடாதவன் பளபளவென்று லெட்டர்ஹெட் வைத்திருப்பான். இது என்ன அநியாயம் என்று உனக்கே தோன்றும். உண்மைக்குச் சேர்க்கிற காகிதம் மெதுவாகத்தான் சேரும். இஎஸ்ஐ கார்டு இருக்கிறதா பார். கூலி கூகுள் பே-யில் வந்த ஆதாரம், பட்டறையின் ஜிஎஸ்டி பதிவு, ஓனர் தன் கையால் தேதியோடு எழுதிய கடிதம், கூட வேலை செய்தவரின் அஃபிடவிட். கூடவே, வழக்கமான ஆவணம் ஏன் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம். இதை வைத்துக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதையும் அவனிடம் சொல்லிவிடு.

இதோடு சேர்ந்து வருவதுதான் 'வேலையும் நீங்களே வாங்கிக் குடுங்க'. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்குக் கூடுதல் மதிப்பெண் இருந்தது. அந்த ஆஃபரையே விலைக்கு விற்க ஆரம்பித்ததால் 2025 மார்ச்சில் அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதை விற்கிற ஆட்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் உள்ளவர்கள் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கும். அவர்களே தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீது கொடுத்தாக வேண்டும். உன்னிடம் அந்த லைசன்ஸ் இல்லை. 'இல்லை' என்று சொல்லக் கூசாதே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அங்கே அனுப்பு. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது வந்தால், 2022-ஐ ஞாபகப்படுத்து. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்கள் எல்லை தாண்டி மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். மீட்கப்பட்டவர்களில் 13 தமிழர்கள் அந்த அக்டோபரில் சென்னை ஏர்போர்ட்டில் வந்து இறங்கினார்கள்.

அமெரிக்க விசா இன்டர்வியூவுக்கு ஸ்லாட் 'சீக்கிரமா எடுத்துத் தாங்க' என்பதும் இந்த ரகம்தான். 2025 மார்ச்சில் தானியங்கி மென்பொருள் வைத்துப் பிடித்த சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்டுகளை அமெரிக்கத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்தது. கணக்குகளும் முடங்கின. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசு யாருக்கும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நர்சிங் முடித்த பெண் ஒருத்தி அப்பாவோடு வருவாள் என்று வைத்துக்கொள். நீ அவளைக் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அப்பா பதில் சொல்வார். எந்த நாடு? அப்பா. ஜெர்மன் படிக்க இஷ்டமா? அப்பா. முன்னால் விசா அப்ளை பண்ணியிருக்கிறாயா? "இல்லை சார்," அப்பா. பணம் கட்டுகிறவர் அவர்தான். ஆனால் ஃபாரத்தில் கையெழுத்து அவளுடையது, தடை வந்தால் அவள் பாஸ்போர்ட்டில்தான் வரும். அதனால் உன் பார்ட்டி அவள். "சார், ஜெராக்ஸ் ரெண்டு செட் கீழே எடுத்துட்டு வந்துடறீங்களா?" என்று அப்பாவைப் பத்து நிமிஷம் கீழே அனுப்பு. அப்புறம் அதே கேள்வியைக் கேள். அவர் படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகு, "போன வருஷம் ஒரு தடவை ரிஜெக்ட் ஆச்சு அண்ணா, ஃப்ரெண்டோட பண்ணேன், வீட்ல தெரியாது" என்று வரும். விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லா நாட்டு ஃபாரத்திலும் உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகையைத் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்கின்றன. முன்னால் மறுக்கப்பட்டது பெரிய விஷயமில்லை. மறைத்ததுதான் பெரிய விஷயம். அவள் சொன்னதை அப்பாவிடம் நீ சொல்லக் கூடாது. ஃபாரத்தில் எழுதாமலும் இருக்கக் கூடாது. "எழுதணும்மா, வீட்ல நீயே சொல்லிடு, அடுத்த வாரம் உட்காரலாம்" என்று அவகாசம் கொடு. அவள் சொல்லவே மாட்டேன், எழுதவும் கூடாது என்றால் அந்த ஃபைலை நீ செய்யக் கூடாது. அப்பாவிடம் காரணம் சொல்லாமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர் உன்னைக் கண்டபடி பேசுவார். பேசட்டும்.

இப்போது அந்த மெதுவான ஆளுக்கு வருகிறேன். எங்கே கையெழுத்து என்று கேட்டவருக்கு.

ஜலந்தர் ஏஜென்ட் பிரிஜேஷ் மிஸ்ரா விவகாரம் படித்திருப்பாய். பஞ்சாபிலிருந்து பிள்ளைகளைப் போலி அட்மிஷன் லெட்டரோடு கனடாவுக்கு அனுப்பினார். விசா கிடைத்து அங்கே போய் இறங்கியதும், 'அந்தக் காலேஜில் சீட் இல்லையாம், வேறு காலேஜ் பாருங்கள்' என்று சொல்லிக் கல்லூரி ஃபீஸைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பணம் திரும்ப வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வேறு கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். போடும்போது பழைய லெட்டர் போலி என்று கனடா எல்லைப் பாதுகாப்புத் துறை கண்டுபிடித்தது. 2023-இல் நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. டொராண்டோ பக்கம் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். உண்மையாகப் படிக்கப் போனவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அந்த அரசு ஒரு குழு போட்டது. மிஸ்ராவுக்கு 2024 மே மாதம் வான்கூவர் நீதிமன்றம் மூன்று வருஷம் சிறை கொடுத்தது.

அந்த விவகாரத்தில் என்னை உலுக்கியது வேறு. ஃபாரங்களில் ஏஜென்ட் பெயரே இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே விண்ணப்பித்த மாதிரி போயிருந்தது என்று செய்தியில் வந்தது. ஆகவே அதிகாரிக்கு முன்னால் பொய் சொன்னது பிள்ளைகள்தான் என்று ஆகிவிட்டது. அவர்கள் யாரும் தகராறு பண்ணின பார்ட்டி இல்லை. 'நீங்களே பாத்துக்கோங்க' என்று சொன்ன பார்ட்டிகள். கத்துகிற ஒரு அப்பா, "எனக்கு அந்தக் காலேஜுக்கு நேரா மெயில் போடணும்" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை தப்பித்திருக்கும். இப்போது அந்த வேலையைக் கனடா அரசே செய்கிறது. 2023 டிசம்பர் முதல் அட்மிஷன் லெட்டரைக் கல்லூரியிடமே நேரடியாகச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

அதனால் மெதுவான ஆளை நீயே கொஞ்சம் கத்தவைக்க வேண்டும். அவர் பெயரில் இமெயில், அவர் மொபைலுக்கு ஓடிபி, பாஸ்வேர்ட் அவருடையது. சப்மிட் பட்டனை அவர் விரல்தான் அழுத்த வேண்டும். அதற்கு முன் ஃபாரத்தை ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் படித்துச் சொல். "இதுல நீங்க குற்ற வழக்கு ஏதும் இல்லைன்னு எழுதியிருக்கு, சரியா?" தலையாட்டினால் விடாதே, வாயால் சொல்லச் சொல். பத்தாம் பக்கத்தில் அவருக்குக் கொட்டாவி வரும். உனக்கும் வரும். பதினோராம் பக்கத்தில், "ஐயோ சார், சிங்கப்பூர்ல ஒரு தடவை ஓவர்ஸ்டே ஆச்சே" என்பார். கல்லூரி ஃபீஸை கல்லூரியின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல். உன் கணக்கு வழியாகப் போகவே கூடாது.

உன் பெயரும் தெரிய வேண்டும். கனடா ஃபைலுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்நாட்டு வழக்கறிஞரோ, லைசன்ஸ் பெற்ற கன்சல்டன்டோதான் தகுதியானவர். அவர்களுக்கென்று 2021-இல் கல்லூரி என்ற பெயரிலேயே ஒரு ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. அங்கே போட்டிருக்கிற பட்டியலில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். யார் பிரதிநிதி என்று எழுத ஃபாரம் ஐஎம்எம் 5476 உண்டு. உனக்கு லைசன்ஸ் இல்லையென்றால், இருக்கிற ஒருவரோடு சேர்ந்து செய், அவர் பெயரைப் போடு, பார்ட்டியோடு வீடியோவில் பேசவை. பெயரைப் போடாமல் பின்னால் நின்று செய்கிற ஆளுக்கு அங்கே 'கோஸ்ட் கன்சல்டன்ட்' என்று பெயர். பஞ்சாபில் இந்தத் தொழிலுக்கென்றே 2012-இல் சட்டம் கொண்டுவந்து லைசன்ஸ் கட்டாயமாக்கினார்கள். அப்படியும் ஜலந்தர் நடந்தது.

கால தாமதத்துக்கு வருகிற கோபம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு 'எனி அப்டேட் சார்' என்று வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோருக்கும் ஒரு வரி போட்டுவிடு. 'இந்த வாரம் மாற்றமில்லை' என்பதும் செய்திதான். ரிஜெக்ட் ஆனால் வாட்ஸ்அப்பில் சொல்லாதே, கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதத்தை வரிக்கு வரி படித்துக் காட்டு. உடனே மறுபடி அப்ளை பண்ணு என்று ஃபீஸ் கேட்பவன் நல்ல கன்சல்டன்ட் இல்லை. என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் மறு விண்ணப்பம் வீண்.

சிலரை அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆபாசமாகப் பேசுகிறவர், போலி வேண்டும் என்று மூன்றாவது தடவையும் கேட்கிறவர். அனுப்பும்போது ஒரு விஷயத்தில் கறாராக இரு. பாக்கி ஃபீஸ் வரும்வரை என்று பாஸ்போர்ட்டையோ மார்க் ஷீட்டையோ பிடித்து வைக்காதே. 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாஸ்போர்ட்டை முடக்கிவைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான், போலீஸுக்கோ கோர்ட்டுக்கோகூட இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் உனக்கு எங்கிருந்து வந்தது? நம் பக்கம் புகார் போனால் ஆவடி கமிஷனர் ஆஃபீஸ். பணத் தகராறு என்றால் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையம். அங்கே உன்னைக் காப்பாற்றப் போவது முதல் நாள் அவர் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளும் ரசீதுகளும்தான்.

ஃபைலைத் திருப்பும்போது ஒரிஜினல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடு. பட்டியலில் அவர் கையெழுத்து, உனக்கு ஒரு நகல். எதுவரை வேலை நடந்தது, அடுத்த கெடு என்றைக்கு என்று ஒரு கடிதம். கெடு நாளைக்கே என்றால், அந்த ஒரு வேலையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு விலகு. உன் லேப்டாப்பில் அவர் அக்கவுண்ட் லாகின் இருந்தால், அவர் எதிரிலேயே லாக்அவுட் செய்து, பாஸ்வேர்டை அவர் மொபைலில் அவரையே மாற்றச் சொல். புது பாஸ்வேர்டை உன்னிடம் சொல்ல வருவார். சொல்லவிடாதே.